பிஎஃப் விஷயமாக

கயல் கண்ணு,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை. கீழ்வீட்டுப் பத்மாவின் மகன் வேலையை விடப் போகிறானாம். கிளம்புமுன் என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னாள். எழுதினதோடு உனக்கும் ஒரு பிரதி. உனக்கு இப்போது தேவைப்படாது, எங்காவது பத்திரமாகப் போட்டு வை.

முதலில் பிஎஃப். உன் யுஏஎன் கணக்கில், அதுதான் எல்லாக் கம்பெனி பிஎஃப்புக்கும் பொதுவான அந்த நம்பர், இன்னும் என் போன் நம்பர்தான் இருக்கிறது. முதல் வேலையில் சேரும்போது என் நம்பரைக் கொடுத்தாய், இரண்டாவது கம்பெனியிலும் அதுவே தொடர்ந்தது. இவ்வளவு ரூபாய் வரவு என்று மாதாமாதம் மெசேஜ் எனக்குத்தான் வரும். வராமல் போனாலும் அதில் ஒன்றும் இல்லை. கம்பெனி அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டினால் போதும், கட்டின பிறகும் மெசேஜ் தாமதமாகும், சில மாதம் வரவே வராது. மில்லில் ஆள் வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸில் காலம் தள்ளினவளுக்கு இது தெரியாதா? மெசேஜை வைத்து நான் எதையும் நினைத்துக்கொள்வதில்லை. ஆனாலும் நம்பரை மாற்றிவிடு. மெம்பர் போர்ட்டலில் 'மேனேஜ்' பகுதிக்குள் 'காண்டாக்ட் டீடெய்ல்ஸ்' இருக்கும். புது நம்பரை அங்கே போட்டால் அதற்கே ஓடிபி வரும். ஆதாரில் எந்த நம்பர் இருக்கிறது என்றும் பார்த்துக்கொள். பணத்தை மாற்றவோ எடுக்கவோ போனால் ஓடிபி ஆதாரில் உள்ள நம்பருக்குத்தான் போகும்.

வேலையை விட்டவர்கள் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்வது வெளியேறிய தேதியில்தான். கம்பெனி அந்தத் தேதியைப் போடாமல் விட்டால் பழைய கணக்கு திறந்தே கிடக்கும், பணம் நகராது. கடைசிச் சந்தா கட்டின மாதத்திலிருந்து இரண்டு மாதம் போனால் நாமே போட்டுக்கொள்ளலாம். அதே 'மேனேஜ்' பகுதியில் 'மார்க் எக்ஸிட்' என்று இருக்கும். ரிலீவிங் லெட்டரில் உள்ள தேதியும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு நாள் முன்பின்னாகப் போட்டுவிட்டு அப்புறம் திருத்த அலைகிறவர்கள் ஏராளம். ஏனென்றால் புது கம்பெனியில் பின்னணி சரிபார்க்கிறவர்கள் இப்போது யுஏஎன் வரலாற்றைத்தான் முதலில் கேட்கிறார்கள். இரண்டு வேலை ஒரே நாளில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் திருட்டுத்தனமாக இரண்டு இடத்தில் வேலை பார்த்தான் என்றுதான் நினைப்பார்கள்.

பணத்தை எடுக்காதே. எடுக்க வேண்டாம் என்று பத்மா மகனிடமும் சொல்லச் சொன்னேன். ஐந்து வருடத் தொடர் சேவை முடியாமல் எடுத்தால் அது வருமானமாகி வரி விழும். பழைய கம்பெனிப் பணத்தைப் புதிய கணக்குக்கு மாற்றியிருந்தால் அந்த வருடங்களும் சேர்ந்து கணக்காகும். உன் முதல் கம்பெனியில் தனியாக டிரஸ்ட் வைத்து பிஎஃப் நடத்தினார்கள், அந்தப் பணம் முழுதாக வந்து சேர்ந்ததா என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். டிரஸ்ட்டிலிருந்து வருவது இழுக்கும், மாற்றின பணத்தின் விவரத் தாளான 'அனெக்ஷர் கே' வாங்கி வைத்துக்கொள் என்றேன். "மீட்டிங்மா" என்றாய். பென்ஷன் பங்கையும் தொடாதே. முதல் வேலையில் உன் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 15,000-க்குக் கீழே இருந்ததால் நீ பென்ஷன் திட்டத்துக்குள் வந்துவிட்டாய். கம்பெனி பங்கிலிருந்து மாதம் 1,250 ரூபாய் வரை அதற்குப் போகிறது. பத்து வருடம் நிறைந்தால் பென்ஷன் உண்டு. அவசரப்பட்டு 10சி படிவம் போட்டு எடுத்துவிட்டால் பார்த்த வருடங்கள் எல்லாம் அழிந்து மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

இன்னொன்று. இது பிஎஃப்பை விடப் பெரிய விஷயம், நிதானமாகப் படி. ஆள் குறைக்கும்போது பெங்களூரில் நேராக 'நீக்குகிறோம்' என்று எழுதித் தர மாட்டார்கள். காலண்டரில் பதினைந்து நிமிஷ மீட்டிங் ஒன்று போடுவார்கள். மேனேஜர் இருப்பார், பக்கத்தில் பேர் தெரியாத ஒரு ஹெச்ஆர் இருப்பார். சாயங்காலத்துக்குள் நீங்களே ராஜினாமா போட்டால் ரெக்கார்டு சுத்தமாக இருக்கும், இல்லையென்றால் டெர்மினேஷன் என்று போகும் என்பார்கள். பிள்ளைகள் பயந்து 'சொந்தக் காரணங்களுக்காக' என்று மெயில் போட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு வரியால் நீ தானாகப் போனவள் ஆகிவிடுகிறாய். நோட்டீஸ் காலச் சம்பளம், இழப்பீடு எதையும் அதற்கப்புறம் உரிமையாகக் கேட்க முடியாது, கொடுத்தால் அவர்கள் தயவு. அதனால் அந்த மீட்டிங்கிலேயே பதில் சொல்லக் கூடாது. "சொன்னதை மெயிலில் அனுப்புங்கள், படித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்றால் போதும். குரலை உயர்த்த வேண்டாம், அழ வேண்டாம். ஆஃபர் லெட்டரை எடுத்து நோட்டீஸ் பிரிவைப் படிக்க வேண்டும். 60 நாளோ 90 நாளோ, 'இரு தரப்புக்கும்' என்று இருந்தால் அந்தச் சம்பளத்தை அவர்களும் தந்துதான் ஆக வேண்டும். ஏற்கெனவே ராஜினாமா போட்டாகிவிட்டது என்றாலும் வானம் இடிந்துவிடாது. எந்தத் தேதியில் யார் கேட்டு அனுப்பினோம் என்பதைச் சொந்த மெயிலிலிருந்து ஹெச்ஆருக்கு ஒரு வரி எழுதி வைத்துவிட வேண்டும். கர்நாடகத்தில் கேஐடியூ என்று ஐடி ஊழியர் சங்கமே இருக்கிறது. உனக்குச் சங்கம் என்றால் சிரிப்பு. மில்லில் கோட்டு போட்ட ஆபீசர்களும் அப்படித்தான் சிரித்தார்கள். மில் மூடினபோது தொழிலாளிகளுக்குப் பின்னால் வரிசையில் நின்று என்னிடம் பிஎஃப் எடுக்கிற படிவம் 19 வாங்கிப் போனார்கள்.

கடைசி நாள் எது என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடைக்கு ஐந்து வருடம் வேண்டும். கடைசி மாத ஊதியத்தில் கிராஜுவிட்டிக்குக் கணக்கெடுக்கிற தொகையை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கு உண்டானது வரும். அந்தத் தொகை 60,000 என்றால் ஐந்து வருடத்துக்கு 1,73,000 சொச்சம். சும்மா விடுகிற பணமா? நாலு வருடம் முடிந்து ஐந்தாவதில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாரம் ஆறு நாளுக்குக் குறைவாக நடக்கும் இடமென்றால் 190 நாள். எல்லாக் கம்பெனியும் இதை ஏற்பதில்லை, ஆனால் கேட்காதவர்களுக்கு யாரும் தருவதில்லை. நீ இந்தக் கம்பெனியில் சேர்ந்தது 2021-ல், ஆடி பிறக்க நாலு நாள் முன்னால். நாள் எண்ணிப் பார்த்துக்கொள். முதல் கம்பெனி வருடங்கள் இதில் சேராது.

வேலையை விட்டவர்களுக்குக் கணக்குத் தீர்க்க 45 நாள் ஆகும் என்று இன்னமும் சொல்கிறார்கள். 2025 நவம்பர் 21-லிருந்து நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தில், ராஜினாமாவோ நீக்கமோ, இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைத் தர வேண்டும் என்று இருக்கிறது. கிராஜுவிட்டிக்கு 30 நாள். மெயிலில் இதைக் குறிப்பிட்டாலே பேச்சு மாறும்.

கம்பெனி மெயில் மூடுமுன் இறக்கி வைக்க வேண்டியவை: ஆஃபர் லெட்டர், ஒவ்வொரு வருட இன்க்ரிமென்ட் லெட்டர், எல்லா மாதச் சம்பளச் சீட்டு, எல்லா வருட ஃபார்ம் 16. சம்பள போர்ட்டலில் சொந்த மெயிலைக் கொடுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜூன் மாதம் ஃபார்ம் 16-க்கு யார் காலிலாவது விழ வேண்டி வரும். புரோகிராம் கோடு எதையும் எடுத்து வரக் கூடாது, நாமே எழுதினது என்றாலும் அது அவர்கள் சொத்து. லேப்டாப்பைக் கூரியரில் அனுப்பினால் சீரியல் நம்பர் தெரியும்படி படம், சார்ஜரோடு சேர்த்து ஒப்புகை ரசீது. சார்ஜர் வரவில்லை என்று பணம் பிடிக்கிறவர்கள் உண்டு. கம்பெனி பங்கைக் குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் ஷேர் ஆப்ஷன் ஏதாவது இருந்தால் விலகின பிறகு பெரும்பாலும் 90 நாள்தான் அவகாசம், வாங்கும் அன்றைக்கே வரியும் வரும். அது எனக்குப் பழக்கமில்லாத சங்கதி, உன் தம்பியைக் கேள். புது இடத்தில் சேர்ந்ததும் பழைய சம்பள விவரத்தை அங்கே கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் இரண்டு கம்பெனியும் வரிக்கு முன் கழிக்கிற 75,000 நிலைக்கழிவைத் தனித்தனியாகப் போட்டுவிடும், கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியும் வட்டியும் கையைக் கடிக்கும்.

நீ அனுப்புகிற பணம் இந்த மாதமும் வந்தது. ஒன்றாம் தேதிக்கே வந்துவிட்டது. எப்போதும் வருகிற சம்பளக் கணக்கிலிருந்து வரவில்லை, உன் சேமிப்புக் கணக்கிலிருந்து வந்திருந்தது. ஏதோ ஆஃபர் இருக்கும். நான் கேட்கவில்லை. அப்பா பென்ஷனே எங்களுக்கு மிஞ்சுகிறது கண்ணு. நீ அனுப்புவதைத் தொடாமல்தான் வைத்திருக்கிறேன். இனிமேல் கொஞ்ச நாள் அனுப்பாதே, இங்கே டெபாசிட் கட்ட அலைய எனக்கு முடியவில்லை. சம்பளக் கணக்கில் இன்னொன்று, மூன்று மாதம் சம்பளம் விழாவிட்டால் அதைச் சாதாரணக் கணக்காக்கி மினிமம் பேலன்ஸ் பிடிக்க ஆரம்பிப்பார்கள். இஎம்ஐ, எஸ்ஐபி எல்லாம் எந்தக் கணக்கில் கட்டியிருக்கிறது என்று பார். பவுன்ஸ் ஆனால் அபராதம் ஒரு பக்கம், சிபில் ஸ்கோர் இன்னொரு பக்கம்.

கம்பெனி இன்ஷூரன்ஸ் கடைசி வேலை நாளோடு போய்விடும். அதற்கு முன்பே அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தனிப் பாலிசிக்கு மாற்றித் தரச் சொல்லி எழுத வேண்டும். இத்தனை வருடக் காத்திருப்புக் காலம் கழிந்ததற்கு அப்போதுதான் மதிப்பு. புதிதாக எடுத்தால் சர்க்கரை, பிரஷருக்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள், கண் புரைக்கு இரண்டு வருடம் என்பது பல பாலிசியில் வழக்கம். தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜிஎஸ்டியும் கிடையாது. அப்பா கண்ணைப் பற்றி நினைக்காதே. அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் காட்டினோம், கைக்காசு போட்டே செய்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். உன் இன்ஷூரன்ஸ் கார்டை எடுத்துப் போகவே இல்லை.

உன்னை நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால் எழுந்து உட்கார்ந்து, ஆயிரக்கணக்கானவர்கள் பணம் கட்டுகிற சர்வரை நிமிர்த்திவிட்டுத் தூங்கப் போனவள் நீ. அதே ஆள், வீட்டில் ஒரு வார்த்தை சொல்வதற்கு மட்டும் தயங்கினால் எப்படி? பொதுவாகச் சொல்கிறேன். பத்தரைக்கு ஸ்டாண்டப் மீட்டிங் என்று போனை எடுக்கவே மாட்டாய், இப்போது பதினொன்றுக்கு நீயே கூப்பிட்டு அரை மணி பேசுகிறாய். எனக்கு அது சந்தோஷம்தான். சாப்பிட்டாயா என்று கேட்டால் மட்டும் நேரே பதில் சொல்.

மாடி அறைக்கு ஃபைபர் இழுத்தாயிற்று, 200 எம்பிபிஎஸ். உனக்காக இல்லை, தம்பி வந்தால் வேண்டுமே. மாதப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற நாளில் சாயங்காலம் வரை இருக்காது என்று 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரி போட்டிருக்கிறார் அப்பா. ஒரு லேப்டாப், ரூட்டர், ஃபேன் மூன்றுக்கும் நாள் முழுக்கத் தாங்கும். பெங்களூர் வீட்டைக் காலி செய்வது லேசில்லை, தெரியும். அக்ரிமென்டில் இரண்டு மாத நோட்டீஸ் இருக்கும், அட்வான்ஸில் பெயின்டிங் என்று ஒரு மாத வாடகை பிடிப்பார்கள். உள்ளே நுழைந்த அன்று எடுத்த வீடியோ இருந்தால் அழித்துவிடாதே.

வேறென்ன. மழை இல்லை, சிறுவாணித் தண்ணீர் எட்டு நாளுக்கு ஒருமுறை. பத்மா வந்திருந்தாள், மகன் புனேயில் புது வேலையில் சேர்ந்து மூன்று மாதமாகிறதாம், கல்யாணத்துக்குப் பார்க்கிறார்கள். பிஎஃப் நம்பரை மறக்காமல் மாற்றிவிடு. ராஜினாமா விஷயத்தை இன்னொரு தரம் படி.

பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் கட்டி வைத்திருக்கிறேன், கூரியர்காரன் சனிக்கிழமை வருவான். எப்போதும் போல ஆபீஸ் முகவரிக்கே போடட்டுமா, இல்லை வீட்டுக்கா? எதுவானாலும் வெள்ளிக்கிழமைக்குள் சொல்.

அம்மா