பழங்காசு சேக்கிற பெரியவங்களுக்கு ஒரு திறந்த மடல்

நாணயக் கண்காட்சில மேசை போட்டு உக்காந்திருக்கிற, ஞாயித்துக்கிழமை ஆனா லென்ஸைத் தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிடுற, "இந்தச் செல்லாக் காசுக்கா இவ்ளோ பணம்"னு வீட்ல திட்டு வாங்குற எல்லா அண்ணன்களுக்கும் ஐயாக்களுக்கும் வணக்கம். கோவப்படாம படிங்க.

எனக்குக் காசு பாக்கக் கத்துக்குடுத்தவர் ஒரு ரிட்டயர்ட் வாத்தியார். ஒவ்வொரு காசையும் காலண்டர்ல கிழிச்ச தாள்ல மடிச்சு ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வச்சிருப்பாரு, தாளோட பின்பக்கம் பொடி எழுத்துல எடை எவ்ளோ, எந்த ஊரு, ஆத்துல எந்தப் பக்கம் கெடச்சது, யார்கிட்ட வாங்குனது எல்லாம் இருக்கும். அவர் செத்து ரெண்டு மாசம் கழிச்சு அவர் வீட்டுக்குப் போனேன். காசெல்லாம் ஒரு தாம்பாளத்துல பளபளன்னு கெடந்துச்சு. களிம்பு புடிச்சிருக்கேன்னு வீட்ல இருந்தவங்க குத்துவிளக்கு மாதிரி புளி போட்டு வெளக்கிட்டாங்க, சதுரக் காசு ஒண்ணுல இருந்த எழுத்தும் சேந்து போயிடுச்சு. தாள் எங்கன்னு கேட்டா குப்பைக்குப் போயிடுச்சாம். அவங்கள குத்தம் சொல்ல மாட்டேன், அவர் யார்கிட்டயும் சொல்லி வைக்கல, அவ்ளோதான்.

கரூர் அமராவதி ஆத்து மணல்ல கெடச்ச காசுங்களுக்கு அகழாய்வுக் குழி மாதிரி எந்த மண்ணடுக்குல கெடச்சதுன்னு பாத்துக் காலம் சொல்ற கணக்கு கெடையாது, எடுத்த எடம் எதுன்னு யாராவது எழுதி வச்சாதான் உண்டு. மாக்கோதை, கொல்லிப்பொறைன்னு சேரர் பேரு பொறிச்ச காசு நமக்குத் தெரியுதுன்னா, ஒருபக்கம் குதிரையும் பெருவழுதிங்கிற பேரும், மறுபக்கம் மீனும் இருக்கிற பாண்டியர் காசு தெரியுதுன்னா, தினமலர் ஆசிரியரா இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி மாதிரி ஆளுங்க வாங்கிப் பெட்டில பூட்டாம படிச்சு, படம் போட்டு எழுதுனதாலதான்.

கேம்பிரிட்ஜ்ல பிலிப் கிரியர்சன்னு ஒரு வரலாற்று வாத்தியார் இருந்தாரு. 1910ல டப்ளின்ல பொறந்தவர், கல்யாணம் பண்ணிக்கல, காலேஜ் ரூம்லயே காலத்த ஓட்டுனவர். முப்பது வயசு தாண்டினப்புறம், வீட்ல கெடந்த ஒரு பைசாண்டிய, அதாவது கிழக்கு ரோமப் பேரரசோட, செப்புக்காசப் பாத்துத்தான் இந்தப் பைத்தியம் புடிச்சுது, போகஸ்னு ஒரு பேரரசன் காசு அது. பாடம் நடத்துறப்போ பசங்களுக்குக் காட்டலாமேன்னு நாலு காசு வாங்க ஆரம்பிச்சவரு, 2006ல சாகும்போது சுமார் 20,000 இடைக்கால ஐரோப்பியக் காசு சேத்திருந்தாரு, அத்தனையும் அந்தப் பல்கலைக்கழகத்தோட ஃபிட்ஸ்வில்லியம் மியூசியத்துக்கே எழுதி வச்சிட்டாரு. (மனுஷனுக்கு சயின்ஸ் ஃபிக்ஷன் படம்னா உசுராம், பசங்கள ரூமுக்குக் கூப்ட்டுப் போட்டுக் காட்டுவாராம்.) அழகான காசா பொறுக்காம, மங்குனது தேஞ்சதுன்னு பாக்காம எல்லா ஊரு எல்லா வகையும் இருக்கணும்னு சேத்ததாலதான் இன்னிக்கும் இடைக்காலக் காசு படிக்கிறவன் அந்த மியூசியக் கதவத் தட்றான்.

நம்மகிட்ட இருக்கிறதும் அப்படி ஒரு எடத்துக்குப் போகட்டுமே. ஏதாவது ஒரு பல்கலைக்கழகத் தொல்லியல் துறைக்கோ மியூசியத்துக்கோ குடுங்க, ஆனா சும்மா சால்வை போர்த்திக்கிட்டு பையத் தூக்கிக் குடுத்துட்டு வந்துடாதீங்க. ஒவ்வொண்ணையும் ரெண்டு பக்கமும் படம் எடுத்து, எடை போட்டு, நம்பர் குடுத்து, லிஸ்ட்ல அவங்க கையெழுத்து வாங்குங்க. தொகுப்பப் பிரிக்கக் கூடாது, படிக்கிற பசங்க கேட்டா எடுத்துக் காட்டணும்னு பத்திரத்துல எழுதுங்க. பீரோவுல பூட்டி சாவி தொலஞ்ச கதையெல்லாம் நீங்களும் கேட்ருப்பீங்க. அப்புறம், மண்ணுக்கடியில பொதையலா கெடச்சது பத்து ரூவாய்க்கு மேல பெறும்னா கலெக்டருக்குச் சொல்லணும்னு 1878ல போட்ட சட்டம் இன்னும் இருக்கு, அதையும் கொஞ்சம் நெனப்புல வைங்க.

குடுக்கிறது அப்புறம் ஆகட்டும், மொதல்ல சீட்டு எழுதுங்க. வீட்ல யாராவது ஒருத்தர்கிட்டயாவது புளி போடாதீங்கன்னு சொல்லி வைங்க. எழுத முடியலன்னா கூப்பிடுங்க, டிஜிட்டல் தராசு என்கிட்ட இருக்கு, ஞாயித்துக்கிழமை நான் ஃப்ரீதான்.