வாசல் நடைக்கு வெள்ளை மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய வீட்டின் குறுகலான வாசல் நடைக்கு வெள்ளை பெயிண்ட்தான் சரி, பெரிய பூப்போட்ட வால்பேப்பர் இடத்தை இன்னும் சுருக்கிவிடும் என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். டர்பனில் பழைய வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்தும் வால்பேப்பர் ஒட்டியுமே பிள்ளைகளை வளர்த்தவன் நான். இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இந்த ஊர்ப் பழைய வீடுகள் பலவற்றில் கதவைத் திறந்ததும் ஒடுக்கமான நடை, தலைக்கு மேல் மூன்று மீட்டரைத் தாண்டிய கூரை. வெள்ளை அடித்தால் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆகிவிடும், சுவரின் ஒவ்வொரு விரிசலும் தெரியும். கொடியும் இலையும் பெரிதாகப் படர்ந்த தாளை ஒட்டினால் மூலை எங்கே முடிகிறது என்று கண் தேடாது. நடையில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை, அதனால் எவ்வளவு அழுத்தமான நிறமும் சலிக்காது. கோடு போட்ட தாள் மட்டும் வேண்டாம். பழைய சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்காது. கோடு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் 1887இல் வெளியிட்ட வில்லோ இலைத் தாள் இன்றும் விற்பனையில் இருக்கிறது. இப்படிப்பட்ட நடைக்கு அது அவ்வளவு பொருத்தம்.

எனக்குப் பயம் பிளாஸ்டிக் பூச்சுள்ள வினைல் தாளைக் கண்டுதான். சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் ஈரத்தை வாங்கி, மெல்ல வெளியே விடும். வினைல் அந்த வழியை அடைத்துவிடும். நம் ஊர் ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில் தாளுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும், அப்புறம் பூச்சே பெயர்ந்து கையோடு வரும். அதனால் காகிதத் தாளே வாங்குங்கள். முதலில் கூரைத் தண்ணீர் சுவரில் இறங்குகிறதா, சுவரடியில் ஈரம் ஏறுகிறதா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். தூசி பறக்காமல் நனைத்துத் தேய்க்க வேண்டும். மழை குறைந்த ஜூன், ஜூலையில் ஒட்டுவது நல்லது. நடையில் காமாட்சி விளக்கு ஏற்றுகிறவர்கள் அதைச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள், தாளில் கரி படியாது.

சுருள் கணக்கிலும் கவனம் வேண்டும். ஒரு சுருள் சுமார் 10 மீட்டர். சுவர் 3.3 மீட்டர் உயரம், பூ 64 சென்டிமீட்டருக்கு ஒரு முறை திரும்பி வருகிறது என்றால், பூவுக்குப் பூ பொருத்தி வெட்டும்போது இரண்டு நீளம்தான் தேறும். மூன்று வரும் என்று நம்பி வாங்கினால் பாதியில் நிற்கும். பிறகு வாங்கும் சுருள் வேறு தயாரிப்பு எண்ணில் வந்தால் நிறமும் பொருந்தாது.

உங்கள் கட்டுரையில் விடுபட்டது ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் 1999ஆம் ஆண்டு தேசிய மரபுவளச் சட்டப்படி 60 வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடத்தை அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது. அந்தச் சட்டத்தில் மாற்றம் என்பது பெயிண்ட், பூச்சு, அலங்காரத்தையும் சேர்த்துத்தான். நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் அதைப் பார்த்துக்கொள்வது அமாஃபா என்ற மரபுவள அமைப்பு. சுரண்டியைக் கையில் எடுக்கும் முன்பே அவர்களிடம் கேட்டுவிடச் சொல்லி அடுத்த இதழில் தயவுசெய்து போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பெயிண்டர்,
ஓவர்போர்ட், டர்பன்