மூன்று கிலோவுக்குள் எந்தப் புத்தகம்?

அஸ்தம்பட்டி, சேலம்
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நலம். அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, என் மேலுள்ள வசவு குறையவில்லை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

போனில் நீ சொன்ன பட்டியலை அம்மா மின்சார பில்லின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். பதினான்கு புத்தகம். எதிர்வீட்டுப் பையன் அடுத்த வாரம் ஜெர்மனிக்கு, ஸ்டுட்கார்ட் திரும்புகிறான். தன் பெட்டியில் மூன்று கிலோ இடம் தருகிறேன் என்றான். இந்தக் காலத்தில் அதுவே பெரிய மனசு. பதினான்கையும் மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். பதினொரு கிலோவைத் தாண்டியது. "திரும்பப் படிக்கத் தகுந்தது எதுவோ அதை மட்டும் அனுப்புங்கள் அப்பா" என்று நீ சுலபமாகச் சொல்லிவிட்டாய்.

செவ்வாய்ப்பேட்டையில் நாற்பது வருடம் பைண்டிங் கடை வைத்திருந்தவனுக்கு இதற்கொரு குறுக்கு வழி உண்டு. இரண்டாம் தடவை பைண்டிங்குக்கு வருவது எது என்று பார்ப்பேன். நூலகத்திலிருந்து மூட்டையாக வரும். சில புத்தகங்கள் தையல் தளர்ந்து, பாரம் பாரமாக, அதாவது மடித்த தாள் கட்டுகளாக, பிரிந்து, பாதி உயிரோடு வரும். சிலவற்றுக்கு அட்டையில் மட்டும்தான் தூசி, உள்ளே அச்சகத்து வாசம்கூடப் போயிருக்காது. பெரிய பெயரா, பரிசு வாங்கியதா என்று நான் கேட்டதில்லை. முதுகைத் தடவினால் தெரிந்துவிடும். இப்போது அந்தக் கணக்கும் செல்லாது. தைப்பதே இல்லை, முதுகைச் சீவி, சூடான பசையைத் தடவி, அட்டையை ஒட்டிவிடுகிறார்கள். முதல் வாசிப்பிலேயே நடுப்பக்கம் கையோடு வந்துவிடுகிறது. இதை எவன் இன்னொரு தடவை படிக்கப் போகிறான் என்று அச்சிடும்போதே முடிவு கட்டிவிட்டார்கள். (நான் கடையை மூடியதற்கு இந்தப் பசையும் ஒரு காரணம். ஆகையால் என் கோபத்தில் கொஞ்சம் கழித்துக்கொள்.)

முதலில், அனுப்பாததைச் சொல்லிவிடுகிறேன். பச்சைக் காலிகோ துணி அட்டை போட்ட பொன்னியின் செல்வன் வராது.

அது நம்முடையதே அல்ல என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேனா? 1979 வாக்கில் ஏற்காட்டிலிருந்து ஒரு காப்பி எஸ்டேட் கணக்குப்பிள்ளை கடைக்கு வந்தார். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வந்த தொடரை, மணியம் வரைந்த படங்களோடு, அவருடைய அப்பா வாராவாரம் பிரித்தெடுத்துச் சேர்த்து வைத்திருந்தாராம். மலை ஈரத்தைக் குடித்துப் பழுப்பேறி, பூஞ்சைப் புள்ளி விழுந்த கட்டு. மூன்று வால்யூமாகப் போடச் சொல்லி ஐந்து ரூபாய் முன்பணம் கொடுத்தார். பங்குனிக்குள் வாங்கிக்கொள்கிறேன் என்றவர் வரவே இல்லை. ஒரு வருடம் பொறுத்துவிட்டு, முதல் வால்யூமை மட்டும் அடையாளத்துக்கு எடுத்துக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஒண்டிக்கடையில் இறங்கி எஸ்டேட்டைத் தேடிப் போனேன். வேலையை விட்டுவிட்டுக் குடகுப் பக்கம் போய்விட்டாராம். மழை வேறு. புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் இறங்கினேன். அந்த ஐந்து ரூபாய் இன்னும் என் கணக்கில் பாக்கிதான்.

அதைத் தைத்துக்கொண்டே படித்தேன். ஊசி கையில் ஏறியதும் உண்டு. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையோடு வருகிறான் அல்லவா, அந்த வயதில் அவன் நான்தான். குதிரைக்குப் பதில் அப்பாவின் ஹெர்குலஸ் சைக்கிள்.

இரண்டாம் தடவை உன்னோடு படித்தேன். இரண்டாவது வால்யூமில் மூன்று வாரத்துப் பக்கங்கள் கிடையாது. எங்காவது கிடைத்தால் ஒட்டிக்கொள்ளலாம் என்று அந்த இடத்தில் வெற்றுத்தாள் வைத்துத் தைத்திருந்தேன். ஆறாம் வகுப்பில் நீ அதில் கலர் பென்சிலால் ஒரு படகு வரைந்து, 'பூங்குழலி இந்த வழியாகப் போனாள்' என்று எழுதினாய். ஒரு பைண்டர் வீட்டில் செய்யக்கூடிய காரியமா அது? நியாயமாக ஓர் அடி விழுந்திருக்க வேண்டும். விடுபட்டதெல்லாம் சேர்ந்த புத்தகத்தைப் பிறகு வாங்கினோம், ஆனாலும் நீ அந்தப் படகைத்தான் எல்லாரிடமும் காட்டினாய். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று ராத்திரி ராத்திரியாக நாம் சண்டை போட்டதும் அப்போதுதான். சோழர் காலத்து உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசனையும் அவன் சகோதரர்களையும் பெயர் சொல்லியே காட்டிக்கொடுக்கிறது. அது தெரிந்திருந்தும் கல்கி கதையில் அந்த அறையை இருட்டாகவே விட்டுவிட்டார். நீ கடைசிவரை நந்தினி கட்சி.

மூன்றாம் தடவை போன வருடம், கடையை மூடிய பிறகு. இந்தத் தடவை குதிரைக்காரன் மேல் மனம் நிற்கவில்லை. பெரிய பழுவேட்டரையர் வந்து உட்கார்ந்துகொண்டார். உடம்பில் அறுபத்து நான்கு விழுப்புண், கிழ வயதில் நந்தினியோடு ஒரு கல்யாணம், முதுகுக்குப் பின்னால் ஊர்ச் சிரிப்பு. முதல் தடவை நானும் ஊரோடு சேர்ந்து சிரித்தவன்தான். சொந்த அரண்மனைக்குள் நடந்தது எதுவுமே தனக்குத் தெரியவில்லை என்று அந்த மனிதர் உணர்கிற இடத்தில், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அம்மாவிடம் காப்பி கேட்டேன். "என்ன, கண்ணில் தூசியா?" என்றாள்.

அந்தத் தாள் இப்போது ஓரத்தில் சில்லுச் சில்லாக உதிர்கிறது. விமானம் ஏறினால் பொடிதான் உனக்கு வந்து சேரும். படகு இங்கேயே இருக்கட்டும்.

அனுப்புவது உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. நீ பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை. கல்லூரிக் காலத்தில் ஐம்பது பக்கத்தோடு மூடி வைத்தவள் நீ. நானும் அப்படித்தான் மூடினேன். பொறுத்துப் போனால், 1880-ஆம் வருடம் அக்டோபரில் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, நம் ஊர்க்காரர் ஒருவர் வருவார், சேலம் இராமசுவாமி முதலியார். கல்லூரித் தமிழ்ப் பண்டிதராக இருந்த ஐயர் அவரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போகிறார். எதிரே ஒரு தலையசைப்புக்கூடக் கிடையாது. இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்று கேட்டுவிடுகிறார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம்? இல்லை. ஐயர் பார்த்ததுகூட இல்லை. முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியிலிருந்து தொடங்கிய வேலை 1887-இல் அச்சாகி வந்தது. பிறகு 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு.

முதலில் படித்தபோது முதலியார் மேல் எனக்கு எரிச்சல். வீடு தேடி வந்த படித்த மனிதரிடம் இப்படியா கேட்பது? அடுத்த தடவை, சேலத்துக்காரன் என்ற திமிர். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். இப்போது ஐயரைத்தான் பார்க்கிறேன். ஆர்வம் காட்டாத அந்த வீட்டுக்கு அவர் மறுபடியும் போயிருக்கிறார். அறுபது வருடம் கழித்து அதை எழுதும்போதும் கசப்பு இல்லை. விகடனில் 1940-இல் தொடங்கிய தொடர் இது, 1942-இல் அவர் மறைந்ததால் முடியாமலே நின்றுவிட்டது. கடைசிப் பக்கத்தில் முடிவைத் தேடாதே.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' ஒல்லி, இருநூறு கிராம்தான். ஜமுனா, சாயா, டீச்சரம்மா, சென்னையில் ஒரு வறட்சிக் காலம். பதினெட்டு வயதில் நீ "இதில் ஒன்றுமே நடக்கவில்லையே" என்றாய். நம் தெருக் குழாயில் வாரம் தாண்டித் தண்ணீர் வந்த நாட்களில், நள்ளிரவில் அம்மாவோடு குடம் பிடித்து நின்றவள் நீதான். இப்போது படித்துவிட்டுச் சொல்.

பட்டியலில் இருந்த நாலு துப்பறியும் நாவல்களை எடுத்துக் கீழே வைத்தேன். கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகு அதில் படிக்க என்ன இருக்கிறது? அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. தெரிந்ததால்தான் நிம்மதியாகத் தூங்க முடிகிறதாம். அந்த நாலும் இப்போது அவள் தலைமாட்டில் இருக்கின்றன.

எடை போக மிச்சமிருந்த இடத்தில் தட்டுவடையைத் திணித்துவிட்டாள். எண்ணெய்ப் பலகாரத்தைப் புத்தகத்தோடு வைக்காதே என்று சொல்லியும் கேட்கவில்லை. கறை பட்டிருந்தால் உடனே முகப்பவுடரைத் தூவி, மேலே ஒரு வெள்ளைத்தாள் வைத்து, பாரம் ஏற்றி ஒரு ராத்திரி விட்டுவிடு.

இன்னொன்று. ஐயர் புத்தகத்தை நானே பிரித்து மறுபடி தைத்திருக்கிறேன். இராமபாணப் பூச்சி அண்டாதிருக்கப் பசையில் மயில்துத்தம் கலந்திருக்கிறது, அது விஷம். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்புகிற உன் பழக்கத்தை அங்கேயாவது விட்டுத் தொலை.

அன்புடன்,
அப்பா