கிளாஸ்கோவின் மல்லாந்த மீன்

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கிளாஸ்கோவில் இடம் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். அவள் கிளம்புவதற்குள் அந்த ஊர்ச் சின்னத்தை வரைந்து கொடுக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். தூரிகையை எடுக்கும் முன் இதைப் படித்துவிடு.

முதலில் மீன். பழக்கத்தில் கை நீந்துகிற மீனைத்தான் வரையும். 1866-ல், ஸ்காட்லாந்தில் இத்தகைய சின்னங்களை வழங்கும் அதிகாரியான லார்ட் லயன் வழங்கிய சின்னத்தில் சால்மன் மீன் மரத்தடியில், தண்டுக்குக் குறுக்கே, மல்லாந்து கிடக்கிறது. வாயில் தங்க முத்திரை மோதிரம். கேடயத்தின் பின்புலம் வெள்ளி. வெள்ளை வண்ணமே போதும். கீழே பச்சை மேடு, அதில் ஓக் மரம், உச்சியில் ராபின் குருவி. ஒரு மணியும் உண்டு; அது 'இடப்பக்கம்' என்று சின்னத்தின் எழுத்து விவரத்தில் இருக்கும். அது கேடயம் ஏந்தியவனின் இடப்பக்கம். பார்க்கிற நமக்கு வலப்பக்கம். கேடயத்தை இருபுறமும் தாங்குவதும் சால்மன்கள்தான். அவற்றின் வாயிலும் மோதிரம் உண்டு. ஆக மூன்று மீன், மூன்று மோதிரம்; எண்ணிப் பார்த்துக்கொள். மேலே பிஷப் உடையில், இடுப்பளவில், வலக்கை உயர்த்தி ஆசி வழங்குபவர் அந்த ஊரின் காவல் புனிதர் மங்கோ. கென்டிகர்ன் என்பதும் அவர்தான். இடக்கையில் பிஷப்பின் கோல்.

எல்லாமே அவர் கதைதான். அவருடைய குரு செர்ஃப் வளர்த்த ராபினைக் கூடப் படித்த பையன்கள் கொன்றுவிட்டுப் பழியை இவர்மேல் போட, இவர் அதை உயிர்ப்பித்தாராம். மடத்தின் நெருப்பைக் காக்கும் முறை வந்தபோது தூங்கிவிட்டார், பையன்கள் அணைத்துவிட்டார்கள். பனியில் உறைந்த ஹேசல் கிளையை ஒடித்து வந்து வேண்டினார், பற்றிக்கொண்டது. அந்தக் கிளைதான் பின்னாளில் சின்னத்தில் முழு ஓக் மரமாகிவிட்டது. நீ ஓக் இலையே போடு.

மோதிரக் கதைதான் நம்மவர்களுக்குச் சட்டென்று ஒட்டும். அரசன் ரிடெர்க் தன் ராணி லாங்குவரெத்துக்குத் தந்த மோதிரத்தை அவள் ஒரு வீரனுக்குக் கொடுத்துவிட்டாள். அவன் தூங்கும்போது அரசன் அதைக் கழற்றிக் கிளைட் ஆற்றில் வீசிவிட்டு, 'மோதிரம் எங்கே?' என்று ராணியைக் கேட்டான். உயிர் போகும் நிலை. அவள் மங்கோவிடம் ஆள் அனுப்பினாள். அவர் ஒரு துறவியைத் தூண்டில் போடச் சொன்னார். பிடிபட்ட சால்மனுக்குள் மோதிரம். சகுந்தலையின் மோதிரமும் மீன் வயிற்றில்தான் கிடைத்தது. ஆனால் அங்கே மறந்தவன் அரசன், குற்றமற்றவள் அவள். இங்கே தவறியவளையே மங்கோ காப்பாற்றுகிறார். அந்த இரக்கத்துக்காகவே இந்தக் கதை எனக்குப் பிடிக்கும்.

மணிக்கு அற்புதம் எதுவும் இல்லை. ரோமிலிருந்து வந்தது என்பார்கள். பறக்காத பறவை, வளராத மரம், அடிக்காத மணி, நீந்தாத மீன் என்று அந்த ஊர்ப் பிள்ளைகள் சொல்வார்கள். மணி விஷயத்தில் அது பொருந்தாது. 1450-ல் நகரத் தலைவர் ஜான் ஸ்டூவர்ட், தன் ஆன்மாவுக்காக மக்கள் வேண்டிக்கொள்ள ஊரெங்கும் மணி அடிக்கப் பணம் எழுதி வைத்தார். அந்த மணி இல்லாமல் போய், 1641-ல் நகராட்சி வேறு மணி வாங்கியது. தேர்மணி மாதிரி தொங்கவிடாதே. பழைய கைமணி அது, பிடி தெரிய வேண்டும்.

அடியில் பட்டையில் வாசகம்: 'கிளாஸ்கோ செழிக்கட்டும்'. ஆண்டவருடைய வார்த்தையைப் போதிப்பதாலும் அவர் பெயரைப் போற்றுவதாலும் செழிக்கட்டும் என்ற நீண்ட வேண்டுதலைச் சுருக்கியது. சுருக்கியதில் வேண்டுதல் போய், ஊர் மட்டும் மிஞ்சியது எனக்கு வருத்தமே.

ஒன்று மட்டும் கவனம். வீட்டில் மாட்டுவதோடு நிறுத்திக்கொள்; பனியனில் அச்சடித்து அங்கே விற்கச் சொல்லிவிடாதே. ஸ்காட்லாந்தில் இந்தச் சின்னங்களுக்கென்றே நீதிமன்றம் உண்டு, அனுமதியின்றிப் பயன்படுத்துவது குற்றம்.

கதீட்ரல் வாசலில் உள்ள விளக்குக் கம்பங்களிலும் இதே குருவி, மரம், மணி, மீன் இருக்கின்றன. போனதும் மகளைப் பார்க்கச் சொல். பென்சில் கோடு முடிந்ததும் ஒரு போட்டோ அனுப்பு, வண்ணம் அப்புறம்.

அன்புடன்,
ராமு