கேள்வி ஆரையம்பதியில், எழுத்து காத்தான்குடியில்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மனைவிக்கு ஆறு வருடமாகக் காது கேட்பது குறைந்துகொண்டே வருகிறது. பேசுவதைத் தமிழ் எழுத்தாக்கிக் காட்டும் செயலி ஒன்றை மகள் போனில் போட்டுக் கொடுத்தாள். வீட்டு வைஃபையில் குறை சொல்ல முடியாது. "தேத்தண்ணி வைக்கவா?" என்று நான் வாயை மூடுவதற்குள் எழுத்து திரையில் நிற்கும். சில நாள் அது 'தேர்தல் அணி' ஆகிவிடும், அது வேறு கதை.

மாதம் ஒருமுறை களுவாஞ்சிகுடியில் பஸ் ஏறி மட்டக்களப்புக்குக் கிளினிக் போகிறோம். போன மாதம் எனக்குக் காய்ச்சல், அவள் தனியே போனாள். சனநெரிசலில் ஆரையம்பதியில்தான் கொண்டக்டர் அவளிடம் வந்து "எங்க இறங்குறீங்க?" என்று கேட்டிருக்கிறார். அவள் போனை நீட்டினாள். சிக்னல் கோடு நாலும் நிறைந்திருந்ததாம், எழுத்தை மட்டும் காணோம். இரண்டு தரம் கேட்டுப் பார்த்துவிட்டு அவர் அடுத்த சீற்றுக்குப் போன பிறகுதான் கேள்வி திரைக்கு வந்தது. அதற்குள் காத்தான்குடி. "ஆள் எழும்பிப் போன பிறகு இலையில சோறு போட்ட மாதிரி" என்றாள்.

நான் 31 வருடம் தொலைபேசி வேலை பார்த்தவன். கொம்பனிகள் விளம்பரத்தில் பீற்றிக்கொள்ளும் வேகம், ஒரு செக்கனில் எவ்வளவு தரவு வரும் என்பதுதான். மனைவிக்கு வேண்டியது கேட்டதற்கு எத்தனை செக்கனில் பதில் வரும் என்பது. ரோட்டை அகலமாக்கினால் ஊர் கிட்ட வந்துவிடாது.

பேச்சை எழுத்தாக்குவது போன் அல்ல, தூரத்தில் இருக்கும் சர்வர் என்ற கணினி. குரல் கேபிள் வழியே அங்கே போய் எழுத்தாகத் திரும்ப வேண்டும். கேபிளின் கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீற்றர் ஓடும். சர்வர் சிங்கப்பூரில் இருந்தாலும் போய்வர 30 மில்லிசெக்கன் அளவுதான். இவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் ஓடும் பஸ்ஸில் போன் ஒரு டவரை விட்டு அடுத்ததைப் பிடிக்கும்போது தரவுப் பொதிகள், அதாவது துண்டு துண்டாக அனுப்பும் குரல், வழியில் தவறும். தவறியதைத் திருப்பி அனுப்ப வேண்டும், ஒவ்வொரு தடவையும் அதே கடல் தாண்டிய பயணம். நெரிசலான டவரில் வரிசையில் நிற்கும் நேரம் வேறு. இப்படிச் சேர்ந்து மூன்று செக்கன் போனால், 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் பஸ் 50 மீற்றர் தாண்டியிருக்கும்.

அந்தக் காலத்தில் கொழும்புக்கு ட்ரங்க் கோல் பதிந்துவிட்டுக் காத்துக் கிடப்போம். ஊருக்குள் எடுக்கும் கோலை உள்ளூர் எக்ஸ்சேஞ்சே இணைத்துவிடும், கொழும்புக்கு அது போகவே போகாது. இப்போது 'எட்ஜ் கொம்பியூட்டிங்' என்கிறார்களே, எனக்கு அது இந்த எக்ஸ்சேஞ்ச்தான். கணக்குப் போடும் கணினியை டவருக்குக் கிட்டக் கொண்டுவந்து வைப்பது. ஐரோப்பியத் தொலைத்தொடர்பு நியம நிறுவனம் 2014 இலேயே இதற்கென்று ஒரு குழு அமைத்துவிட்டது.

கிட்ட வைத்தால் மட்டும் போதாது. ஆரையம்பதிப் பக்கத்துக் கணினி பாதி வசனத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது பஸ் கல்லடிப் பக்கத்துக் கணினியின் எல்லைக்குள் போய்விட்டால், அந்தப் பாதி வசனமும் அடுத்த கணினிக்குக் கைமாற வேண்டும். கஷ்டமான வேலை அதுதான். 5ஜி நியமத்தில், பழைய வழியை விடுமுன் புதியதைப் பிடித்துக்கொள்ளும் முறை இருக்கிறது. நாங்கள் கேபிள் மாற்றும்போதும் அப்படித்தான், புதுக் கம்பிச் சோடியை இணைத்துப் பேசிப் பார்த்த பிறகே பழையதை வெட்டுவோம்.

சிக்னலே இல்லாத இடத்தில் இதனால் ஒரு பயனும் இல்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மரத்தடி மரத்தடியாகப் போனைத் தூக்கிப் பிடித்து நிற்பவருக்கு முதலில் டவரைக் கொடுங்கள்.

ஏ4 வீதியில் பொத்துவிலில் இருந்து மட்டக்களப்பு வரை, ஓடும் பஸ்ஸில் வைத்து, பதில் பிந்துவதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அளந்து, ஊர் ஊராக வெளியிட வேண்டும். கொம்பனிகளும் ஒரு கணினியைக் கொழும்பில் வைத்துவிட்டு 'இலங்கைக்கு வந்துவிட்டது' என்று விளம்பரம் போடாமல், கல்முனையிலோ மட்டக்களப்பிலோ ஒன்றை வைக்கட்டும்.

அடுத்த கிளினிக்குக்கு நானும் போகிறேன். ஆனாலும் மனைவி ஒரு மட்டையில் 'பெரியாஸ்பத்திரி' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கைப்பையில் வைத்துவிட்டாள்.

ஓய்வுபெற்ற தொலைபேசித் தொழில்நுட்ப உத்தியோகத்தர்,
களுவாஞ்சிகுடி.