எங்கள் தந்தையைக் காத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள எங்கள் நிலத்தில் மணிலா (நிலக்கடலை) பிடுங்கும்போது கண்ணாடி விரியன் கடித்த எங்கள் தந்தையார், சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருக்கிறார். அவரைப் பிழைக்க வைத்த அனைவருக்கும் குடும்பத்தின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, அன்று உடன் வேலை செய்த பெண்களுக்கு. கடிவாய்க்கு மேல் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும், கீறி இரத்தத்தை வெளியேற்ற வேண்டும் என்று சிலர் அக்கறையோடுதான் சொன்னார்கள். அதற்கு இடம் கொடுக்காமல், அவரை நடக்கவும் விடாமல், கால் அசையாதபடி மட்டை வைத்துக் கட்டி, உடனே 108-ஐ அழைத்தவர்கள் அவர்களே. விரியனின் நஞ்சு இரத்தம் உறைவதையே கெடுத்துவிடும் என்பதால், ஒரு கீறல் போட்டிருந்தாலும் இரத்தப்போக்கை நிறுத்துவது பெரும்பாடாகியிருக்கும் என்று மருத்துவர் பின்னர் விளக்கினார்.

ஆம்புலன்சில் வந்த மருத்துவ உதவியாளர் வழியிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிட்டதால், நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. சிறிதளவு இரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்த்தார்கள். அது உறையாமல் தண்ணீராக ஓடியது. “பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்” என்று கைகழுவிவிடாமல், நஞ்சுமுறி மருந்தின் 10 குப்பிகளை அங்கேயே ஏற்றத் தொடங்கிய அந்த இளம் மருத்துவரின் முடிவுக்கே நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம். மருந்து ஏறும்போது ஒவ்வாமையால் அவருக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சு இழுத்தது. முன்கூட்டியே அட்ரினலின் ஊசியை எடுத்து வைத்திருந்த செவிலியர், சொட்டு மருந்தை நிறுத்தி, தொடையில் ஊசி போட்டு, மூச்சு சீரானதும் முன்னைவிட மெதுவாக மருந்தைத் தொடர்ந்தார். அவர் முகத்தில் பதற்றமே இல்லை. அதைப் பார்த்துத்தான் எங்களுக்கும் தைரியம் வந்தது.

அடுத்து, சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை உடனே கண்டுபிடித்து, டயாலிசிஸ் செய்து காப்பாற்றிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மருத்துவர்களுக்கும், இரவெல்லாம் கண்விழித்த செவிலியர்களுக்கும், படுக்கை விரிப்பை முகம் சுளிக்காமல் மாற்றிய பணியாளர்களுக்கும் நன்றி. இத்தனைக்கும் எங்களிடம் ஒரு ரூபாய் கட்டணம் வாங்கவில்லை.

இன்னொரு நன்றியும் உண்டு. 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் பாம்புகளிடமிருந்து எடுக்கும் நஞ்சிலிருந்துதான் இந்நாட்டின் நஞ்சுமுறி மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. மருந்துக் குப்பியில் அவர்கள் பெயர் இருப்பதில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

தந்தையார் இப்போது தாமாகவே நடமாடுகிறார். சிறுநீரகப் பரிசோதனைக்கு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்போது நேரிலும் வந்து நன்றி சொல்வோம்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
மகளும் குடும்பத்தினரும்