அப்பாவின் விரல்கள்: கீமோதெரபி கொடுக்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். என் அப்பாவுக்குப் பெருங்குடலில் மூன்றாம் நிலைப் புற்றுநோய். ஆபரேஷன், அப்புறம் ஆறு மாதம் கீமோ. இன்றைக்கு ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அப்பா உயிரோடு இருப்பது உங்களைப் போன்றவர்களால்தான். அதை மறந்துவிட்டு இந்த மடலை எழுதவில்லை.

அப்பா தையல்காரர். நாற்பது வருடத் தொழில். துணியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய் தேய்த்தால் போதும், அசல் காட்டனா கலப்பா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். கீமோ மருந்து நரம்பைப் பாதித்ததில், அந்த இரண்டு விரல்களுக்கும் இப்போது துணி எது, காகிதம் எது என்று தெரிவதில்லை.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து டிரிப்ஸ், கூடவே இரண்டு வாரத்துக்குக் கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை. இது ஒரு சைக்கிள் (சுற்று). மொத்தம் 8 சைக்கிள். முதல் டிரிப்ஸ் முடிந்து திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டில் ஜில்லென்று ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்ததும் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். மூச்சு அடைக்கிறது என்று கையைக் காட்டினார். அந்தச் சில நிமிடங்களை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. இந்த மருந்து ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ச்சியே ஆகாது, ஃபிரிட்ஜைத் தொட்டாலும் விரலில் கரண்ட் அடித்த மாதிரி இருக்கும் என்பதெல்லாம் பிறகு நானே தேடிப் படித்தது. அன்றைக்கு யாராவது ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

குளிரால் வருவது சில நாளில் போய்விடும். போகாதது ஒன்று உண்டு. ஒவ்வொரு டிரிப்ஸிலும் இந்த மருந்து முதுகுத்தண்டை ஒட்டியிருக்கும் உணர்வு நரம்பணுக்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து அவற்றைச் சேதப்படுத்துகிறது. நீளமான நரம்புகள்தான் முதலில் அடிபடும். அதனால்தான் கால் விரல், கை விரல் நுனிகளில் ஆரம்பிக்கிறது. ஐந்தாவது சைக்கிளில் அப்பா, "கை எரியுதும்மா, மதமதன்னு இருக்கு" என்று செவிலியரிடம் சொன்னார். மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு உள்ளங்கை சிவந்து தோல் உரியுமே, அது என்று நினைத்து ஒரு கிரீம் எழுதி வாங்கித் தந்தார்கள். அப்பாவின் கையில் சிவப்பும் இல்லை, தோலும் உரியவில்லை. யாரும் பிடித்துப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. கேட்டால், "நல்லா இருக்கேன் டாக்டர்." செருப்பு காலிலிருந்து நழுவி விழுந்ததே தெரியாமல் தெருமுனை வரை வெறுங்காலோடு நடந்து வந்தவர் அவர். ஏன் மறைத்தார் என்று பின்னால் கேட்டேன். "சொன்னா மருந்த நிறுத்திடுவாங்க, அப்புறம் நோவு திரும்ப வந்துடும்" என்றார்.

இந்த பயம் எத்தனை பேருக்கு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அளவைக் குறைப்பதோ, ஆக்ஸாலிபிளாட்டினை மட்டும் நிறுத்திவிட்டு மாத்திரையைத் தொடர்வதோ சிகிச்சையைக் கைவிடுவது ஆகாது என்று நீங்கள் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். 2018இல் வெளியான ஐடியா ஆய்வை நீங்கள் அறிவீர்கள். பெருங்குடல் புற்றுநோயில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மூன்றாம் நிலை நோயாளிகளை வைத்து, இந்த கீமோ 3 மாதமா 6 மாதமா என்று ஒப்பிட்டுப் பார்த்தது அது. 6 மாதம் எடுத்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குச் சொல்லும்படியான நரம்புப் பாதிப்பு. 3 மாதத்தில் ஆறேழு பேருக்கு ஒருவர். அப்பாவின் கட்டிக்கு 6 மாதம் வேண்டியிருந்திருக்கலாம். அந்த முடிவைப் பற்றி நான் கேள்வி கேட்கவில்லை. அதில் என்ன போகும், என்ன மிஞ்சும் என்று அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். அவர் விரலை வைத்துப் பிழைப்பவர்.

மார்ச்சில் கீமோ முடிந்தது. இனி குறையும் என்று நம்பினோம். கூடிக்கொண்டே போனது. மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதங்களுக்கு இது ஏறும் என்பதும் எங்களுக்குத் தெரியாது. ஜூனில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்க உட்கார்ந்தார். மெஷின் ஊசி விரலில் இறங்கியிருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. வெள்ளைச் சட்டையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் காலை பெடலிலிருந்து எடுத்தார்.

இப்போது நரம்பு வலிக்கு டுலாக்ஸெட்டின் என்ற மாத்திரை சாப்பிடுகிறார். இரவில் எரிச்சல் கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது. போன உணர்ச்சியை அது கொண்டுவராது என்று தெரியும். தெரிந்தவர்கள் ஆளுக்கொரு நரம்புத் தளர்ச்சி லேகியமும் சத்து மாத்திரையும் சொல்கிறார்கள். கீமோவால் வரும் நரம்புப் பாதிப்பைத் தடுக்கும் என்று நினைத்து அசிட்டைல் கார்னிட்டின் என்ற சத்து மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் பாதிப்பு கூடத்தான் செய்தது. அதையும் நோயாளிக்கு நீங்கள்தான் எச்சரித்துச் சொல்ல வேண்டும்.

அடுத்த டிரிப்ஸுக்கு முன்னால் ரத்தம் பார்க்கிறீர்கள், எடை பார்க்கிறீர்கள், வாந்தி உண்டா, மோஷன் போகிறதா என்று கேட்கிறீர்கள். அதோடு இதையும் கேளுங்கள்: சட்டைப் பட்டன் போட முடிகிறதா? செருப்பு நழுவுகிறதா? சில்லறையைத் தடவிப் பார்த்து எடுக்க முடிகிறதா? என்ன வேலை செய்கிறீர்கள்? "மரத்துப்போகிறதா" என்று பொதுவாகக் கேட்டால் என் அப்பா மாதிரி ஆட்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். பட்டனைப் போட்டுக் காட்டச் சொன்னால் மறைக்க முடியாது.

அடுத்த மாதம் அப்பாவுக்கு செக்கப் இருக்கிறது. வழக்கம்போல "நல்லா இருக்கேன்" என்பார். தயவுசெய்து செருப்பைக் கழற்றச் சொல்லி அவர் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். போன வாரம் குத்திய முள்ளின் காயம் இன்னும் ஆறவில்லை.

இப்படிக்கு,
ஒரு தையல்காரரின் மகள்